மூலை மனையில் ஒரு கட்டில்

வைரவசுந்தரத்துக்கு வயது அறுபத்திரண்டு. அவருடைய ஆசான் தெய்வானைக்கு நாற்பத்தாறு. முன்னவர் நில அளவைத் துறையில் முப்பது வருஷம் சங்கிலி பிடித்து ஓய்வு பெற்றவர். பின்னவர் பதினெட்டு வருஷம் சித்தாளாகச் செங்கல் சுமந்தவர்.

பரமக்குடிப் பக்கம் யார் வீடு கட்டினாலும், தெய்வானை வந்து மனையைச் சுற்றி நடந்து பார்த்து, எந்த அறை எங்கே என்று சொன்ன பிறகுதான் முளை அடிப்பார்கள். ஓய்வு பெற்ற மறுமாதமே வைரவசுந்தரம் அவரிடம் போய், "எனக்கும் சொல்லிக்கொடுங்கம்மா" என்று நின்றார். அன்றிலிருந்து அவர் ஆசானை "அம்மா" என்பார். ஆசான் அவரை "அண்ணே" என்பார். ஊரில் சிலர் இதைச் சொல்லிச் சிரித்தார்கள். கற்றுக்கொள்ள வந்தவருக்கே வெட்கமில்லாதபோது மற்றவர்களுக்கு என்ன வந்தது?

இரண்டு வருஷம் கழிந்தது. ஒருநாள் தெய்வானை சொன்னார்: "சோலையப்பன் வீட்டை நீங்களே போடுங்கண்ணே. அது சரியா வந்துட்டா, அடுத்த வீட்டுக்கு நீங்க தனியாவே போகலாம்."

அன்று இரவு வைரவசுந்தரத்துக்குத் தூக்கமே இல்லை.

சோலையப்பனுக்கு வத்தல் மண்டி. ஊருக்கு வெளியே புதிதாகப் பிரித்த மனைகளில் ஒரு மூலை மனையை வாங்கியிருந்தார். கிழக்கே நாற்பதடி ரோடு, வடக்கே சின்னத் தெரு. அதே சின்னத் தெருவில் நாலு வீடு தள்ளித்தான் வாடகைக்கு இருந்தார். அவர் மனைவி பவளக்கொடிக்கு, இரண்டு வருஷத்துக்கு முன் பைக்கின் பின்சீட்டிலிருந்து விழுந்ததில், இடுப்புக்குக் கீழே உணர்வில்லாமல் போனது. "எல்லாம் அவளுக்காகத்தான் கட்டுறேன்" என்று சோலையப்பன் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். பொய்யில்லை, மனதாரத்தான் சொன்னார்.

கடக்கால் தோண்ட இரண்டே நாள் இருக்கையில், வைரவசுந்தரம் மனை முழுக்கச் சுண்ணாம்புத் தூளால் வீட்டை வரைந்து வைத்துவிட்டு ஆசானை அழைத்துவந்தார். கோடுகள் அச்சடித்த மாதிரி இருந்தன.

"கிழக்குப் பார்த்த வாசல். பெரிய ரோடு, எடுப்பா இருக்கும். அக்கினி மூலையில அடுப்படி. ஈசானியத்தைக் காலியா விட்டிருக்கேன்."

"ம்."

"கன்னி மூலையில பெரிய ரூம்."

"பவளக்கொடிக்கு?"

வைரவசுந்தரம் வீட்டின் பின்பக்கம் நடந்துபோய் வடமேற்கில் ஒரு கட்டத்தைக் காட்டினார். "இது. ரோட்டுச் சத்தம் வராது. வர்றவன் போறவன் கண்ணு படாது. நிம்மதியா இருக்கலாம்."

அந்த அறையைப் பற்றித்தான் அவருக்கு அதிகப் பெருமை. வேறு யாராவது போட்டிருந்தால் இவ்வளவு யோசித்திருக்க மாட்டார்கள் என்று நினைத்துக்கொண்டார்.

தெய்வானை அங்கே நின்ற ஆட்களைக் கூப்பிட்டார். அந்தக் கட்டத்தைச் சுற்றி மூங்கில் நட்டு, தட்டி வைத்துக் கட்டச் சொன்னார். மேலே நாலு கிடுகு போடச் சொன்னார். உள்ளே ஒரு கயிற்றுக் கட்டில் வந்தது.

"படுங்கண்ணே."

"நானா?"

"வெயில் சாயற வரைக்கும். எழுந்திரிக்கக் கூடாது. இடுப்புக்குக் கீழே உங்களுக்கு ஒண்ணும் கிடையாது."

வைரவசுந்தரம் ஆட்களைப் பார்த்தார். அவர்கள் நல்லபிள்ளைகளாக வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்கள். துண்டை உருட்டித் தலைக்கு வைத்துக்கொண்டு அவர் படுத்தார்.

முதல் ஒரு மணி நேரம் சுகமாகத்தான் இருந்தது. காற்று வந்தது. ஒரு குட்டித் தூக்கமும் போட்டார். விழித்த பிறகு கிடுகில் எத்தனை ஓலை இருக்கிறது என்று எண்ணினார். திரும்பவும் எண்ணினார். வெளியே யாரோ சிரித்தார்கள். எதற்கென்று தெரியவில்லை. தெருவில் ஒரு குழந்தை அழுதது, பிறகு அழுகை நின்றது. யார் வந்து தூக்கினார்கள் என்பதும் தெரியவில்லை.

மத்தியானம் வாக்கில் பழக்கமான ஒரு குரல் கேட்டது. அவரோடு ஒரே ஆபீசில் இருபது வருஷம் வேலை பார்த்த ஜெபமணி.

"சுந்தரம் சார் இங்க இருக்காருன்னாங்களே?"

"உள்ள படுத்திருக்காரு" என்றான் ஓர் ஆள்.

"படுத்திருக்காரா? பாவம், அசதியா இருக்கும். எழுப்ப வேணாம். மக கல்யாணப் பத்திரிகை, இதைக் குடுத்துடுங்க."

"ஜெபமணி" என்று வைரவசுந்தரம் குரல் கொடுத்தார். இன்னொரு முறை கொஞ்சம் பலமாகக் கூப்பிட்டார். ரோட்டில் லாரி ஒன்று போனது. அது போன பிறகு ஸ்கூட்டர் கிளம்பும் சத்தம்தான் கேட்டது.

சற்றுப் பொறுத்து அந்த ஆள் தட்டியை விலக்கிப் பத்திரிகையை அவர் தலைமாட்டில் வைத்துவிட்டுப் போனான். வைரவசுந்தரத்துக்கு முதலில் கோபம்தான் வந்தது. நான் தூங்குகிறேன் என்று ஜெபமணிக்கு யார் சொன்னது? பிறகு கோபமும் போனது. உறையின் மேல் தன் பெயரைப் பார்த்தபடியே வெகுநேரம் கிடந்தார்.

வெயில் சாய்ந்ததும் தெய்வானை வந்து தட்டியை விலக்கினார். வைரவசுந்தரம் இறங்கி நேராகப் போய்ச் சுண்ணாம்புக் கோடுகளைக் காலால் அழித்தார். கூடையை எடுத்துக்கொண்டு வடகிழக்கு மூலைக்குப் போனார். இரண்டு தெருவும் சந்திக்கும் இடத்தில் புதிதாக ஓர் அறையை வரைந்தார். கிழக்கே பெரிய ஜன்னல், வடக்கே பெரிய ஜன்னல்.

"ஈசானியத்துல கட்டில் ஆகாதும்பாங்க" என்றார் மூச்சுவாங்க. "ஆகாட்டிப் போகுது. இங்க படுத்தா ஊரே தெரியும்."

"இது யார் சொல்லிப் போட்டது?"

"யார் சொல்லணும்? நானே படுத்துப் பார்த்தேனே."

தெய்வானை அவரை ஒரு கணம் பார்த்தார். பிறகு மண்டிக்கு ஆள் அனுப்பிச் சோலையப்பனை வரச்சொன்னார். "பவளக்கொடியையும் கூட்டிட்டு வரச்சொல்லு" என்றார்.

சோலையப்பன் சக்கர நாற்காலியை வேகமாகத் தள்ளிக்கொண்டு வந்தார். "இவளை எதுக்கு அலைக்கழிக்கிறீங்க? நீங்க பார்த்துச் செஞ்சா சரிதானே."

"நாலு வீடு தள்ளி வர்றதுல என்ன அலைச்சல்?" என்றார் தெய்வானை.

நாற்காலி புதுக் கோட்டுக்குள் வந்து நின்றது. வைரவசுந்தரம் ஆர்வத்தோடு கையை நீட்டி நீட்டிக் காட்டினார். "இது உன் ரூம்மா. இங்க ஒரு ஜன்னல், அங்க ஒரு ஜன்னல். படுத்துக்கிட்டே ரெண்டு தெருவையும் பார்க்கலாம்."

பவளக்கொடி இரண்டு பக்கமும் பார்த்தார். "நல்லா இருக்கு சார்."

"அவர் மனசு கோணக் கூடாதுன்னு சொல்லாத தாயி" என்றார் தெய்வானை. "உனக்கு எப்படி இருக்கு?"

பவளக்கொடி கணவரைப் பார்த்தார். அப்புறம் தன் கைகளைப் பார்த்தார்.

"நான் ரெண்டு தெருவையும் பார்க்கலாம். ரெண்டு தெருவும் என்னைப் பார்க்குமேக்கா."

வைரவசுந்தரத்தின் நீட்டிய கை மெல்ல இறங்கியது.

"அப்ப என்ன வேணும்?" என்று கேட்டார் தெய்வானை.

"வேற ஒண்ணும் வேணாம். வர்றவங்களை 'வாங்க'ன்னு நான் கூப்பிடணும்." பவளக்கொடியின் குரல் கொஞ்சம் உடைந்து, பிறகு சமாளித்துக்கொண்டது. "இப்ப யார் வந்தாலும் முதல்ல இவரைப் பார்க்கிறாங்க. இல்லேன்னா வேலைக்கு வர்ற பிள்ளை போய்க் கதவைத் திறக்குது. உக்காந்து காப்பி குடிச்சு எல்லாம் பேசி முடிச்சுட்டு, கிளம்புறப்பத்தான் என் ரூமுக்கு வர்றாங்க. வரும்போதே மூஞ்சியை ஒரு மாதிரி வெச்சுக்கிட்டு வர்றாங்க. வாங்கன்னு சொல்ல எனக்கு நேரமே கிடைக்கிறதில்லை. என் வீட்டுக்குத்தானே வர்றாங்க?"

"இத்தனை நாளா ஒரு வார்த்தை சொல்லலையே புள்ள" என்றார் சோலையப்பன்.

"வீட்டுப் பேச்செல்லாம் மண்டியிலேயே பேசி முடிச்சுட்டுத்தானே வருவீங்க."

சோலையப்பன் நாற்காலியின் பிடியை விட்டுவிட்டுத் தள்ளிப்போய் நின்றார். முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

தெய்வானை குனிந்து சுண்ணாம்புக் கூடையை எடுத்துப் பவளக்கொடியின் மடியில் வைத்தார். "வாசல் எங்க வேணும்னு போடு. நான் தள்ளுறேன்."

நாற்காலி நகர்ந்தது. கிழக்கு ரோட்டுப் பக்கம் பவளக்கொடி திரும்பவே இல்லை. "அங்க எல்லாரும் வண்டியில பறக்கிறாங்கக்கா. இந்தத் தெருவுலதான் நடந்து வருவாங்க" என்று வடக்குப் பக்கத்தைக் காட்டினார். அங்கே போனதும் குனிந்து கைப்பிடி கைப்பிடியாகச் சுண்ணாம்பை விட்டார். கோடு கோணல் மாணலாக விழுந்தது. அகலம் மட்டும் நாற்காலி தாராளமாகப் போய்வரும்படி இருந்தது.

"என் கட்டில் கூடத்தைத் தாண்டி இதுக்கு நேரா இருக்கணும். ரூம் கதவைத் திறந்து வெச்சா, அவங்க செருப்பைக் கழட்டும்போதே நான் கூப்பிட்டுடணும்."

"படி?"

"படி வேணாம். சரிவாப் போடுங்க. சில நாள் வாசலுக்கே வந்து கூப்பிடுவேன்."

வைரவசுந்தரம் நோட்டை எடுத்து ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டார். இடையில் ஒரு யோசனையும் சொல்லவில்லை. இரண்டு வருஷத்தில் அவர் வாயை மூடிக்கொண்டு எழுதியது அதுதான் முதல் தடவை. அந்தக் கோணல் கோட்டின் மேல் நூல் பிடித்து, இரண்டு பக்கமும் முளை அடித்தார்.

சோலையப்பன் மனைவியைத் தள்ளிக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பினார். இந்தத் தடவை மெதுவாகத் தள்ளினார். பவளக்கொடி ஏதோ சொல்லிக்கொண்டே போனார், அவர் குனிந்து கேட்டுக்கொண்டே போனார்.

அவர்கள் போவதையே பார்த்துக்கொண்டிருந்த வைரவசுந்தரம் தயங்கித் தயங்கிக் கேட்டார். "நான் தோத்துட்டேனாம்மா?"

"வேலை முடியலையேண்ணே. அடுத்து என்ன?"

அவர் பஞ்சாங்கத்தைப் பையிலிருந்து எடுத்து விரித்தார். "வாசல் நிலை வைக்க நாள் பார்க்கணும். வீட்டுத் தலைவர் நட்சத்திரத்துக்குத்தானே பார்க்கிறது? சோலையப்பனுக்கு அனுஷம். அதுக்குப் பொருத்தமா…"

"ஆமாண்ணே. வீட்டுத் தலைவருக்குத்தான் பார்க்கணும், அதுல மாத்தமே இல்லை" என்றார் தெய்வானை. "அவங்க வீடு போய்ச் சேர்றதுக்குள்ள ஓடிப்போய், பவளக்கொடிகிட்ட நட்சத்திரத்தைக் கேட்டுட்டு வாங்க."