தாண்டினோம் என்றான் ததேயுஸ்

நடுக்கடலில் ஒரு சின்னத் தீவு நாடு. அங்கே நீதிமன்றத்தில் ஆங்கிலம்தான் பேசுவார்கள். தமிழ் மட்டும் தெரிந்தவர்கள் கூண்டில் ஏறினால் அவர்களுக்காகப் பேச ஒரு மொழிபெயர்ப்பாளர் இருந்தார். வேதநாயகி என்று பெயர். நாற்பத்தொரு வயது.

அவரிடம் தொழில் கற்றுக்கொள்ள வந்தவருக்கு வயது ஐம்பத்தெட்டு. கோதண்டபாணி. சென்னையில் அகராதி அச்சிடும் இடத்தில் முப்பது வருடம் பிழை திருத்தியவர். மனைவி போன பிறகு மகளோடு இருக்கலாம் என்று தீவுக்கு வந்திருந்தார். இரண்டு மொழியும் அவருக்கு அத்துப்படி. ஆள்தான் பயந்த சுபாவம். யாராவது கதவைப் படாரென்று சாத்தினால் கையில் இருப்பதைக் கீழே போட்டுவிடுவார்.

முதல் நாளே வேதநாயகி சொல்லிவிட்டார்.

"சார், கோர்ட்ல நமக்குன்னு சொந்தமா ஒரு வார்த்தை கிடையாது. காதுல விழுந்ததைச் சொல்லணும். கேக்காம வாயைத் திறக்கக் கூடாது. தெரிஞ்சே மாத்திச் சொன்னா ரெண்டு வருஷம் ஜெயில்."

"தெரியாம சொன்னா அம்மா?"

"தெரியாமதான் சொன்னோம்னு நிரூபிக்கிறது நம்ம பாடு."

அதன் பிறகு ஆறு வாரம் அவர் வேதநாயகிக்குப் பின்னால் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். தினமும் குறிப்பு எடுத்தார். ஒருநாள் காலையில் ஒரு தாளோடு வந்தார்.

"அம்மா, டிரான்ஸ்கிரெஸ்னு ஒரு வார்த்தை அடிக்கடி வருது. சட்டத்தை மீறினாலும் அதுதான். மரியாதை இல்லாம எல்லை மீறிப் பேசினாலும் அதுதான். சர்ச்சுல பாவத்துக்கும் அதையே சொல்றாங்க. வேரைப் பார்த்தா ஒண்ணுமே இல்லை, காலைத் தூக்கி அந்தப் பக்கம் வைக்கிறது. அவ்வளவுதான். கடக்கிறது, தாண்டுறது, மீறுறது, அத்துமீறுறது... தமிழ்ல எதைச் சொல்றது?"

வேதநாயகி தாளை வாங்கிப் படித்தார். மடித்துத் திருப்பிக் கொடுத்தார்.

"இன்னிக்கு நீங்களே நில்லுங்க சார்."

"நானா?"

"குளச்சல் பக்கத்து மீனவங்க ஆறு பேர். தடை பண்ணின கடல்ல பிடிபட்டிருக்காங்க. நீங்க சத்தியம் எடுத்துக்குங்க. நான் பின்னால இருக்கேன்."

கோதண்டபாணி கையிலிருந்த தாளைக் கீழே போட்டுவிட்டார்.

ஆறு பேரும் ஒரே சங்கிலியில் வந்தார்கள். வெயிலில் உரிந்த முகங்கள். படகை ஓட்டியவன் முன்னால் நின்றான். ததேயுஸ். முப்பது வயது இருக்கும். கூண்டின் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தான்.

முதல் விசாரணைக்கு அங்கே வக்கீல் கிடையாது. குற்றத்தை ஒப்புக்கொண்டால் அன்றைக்கே தண்டனை. மறுத்தால்தான் வழக்கு நடக்கும்.

நீதிபதி காகிதத்தை விட்டுத் தலையை எடுக்கவில்லை. கேள்வி வந்தது. அதில் அந்த வார்த்தை இருந்தது.

எல்லாரும் கோதண்டபாணியைப் பார்த்தார்கள். தாளில் எழுதி வைத்திருந்த சொற்கள் ஒன்றும் நினைவில் இல்லை. வேர் மட்டும் நினைவில் இருந்தது. காலைத் தூக்கி அந்தப் பக்கம் வைப்பது.

"எல்லையைத் தாண்டினீங்களான்னு கேக்கறாங்க" என்றார்.

"தாண்டினோம் அய்யா" என்றான் ததேயுஸ். "எஞ்சின் நின்னு போச்சு. நாலு நாளா..."

நீதிபதி கையை உயர்த்தினார். ஆமா, இல்லை, இரண்டில் ஒன்று போதும் என்றார்.

"ஆமாவா இல்லையான்னு மட்டும் சொல்லுப்பா."

"ஆமா அய்யா."

கோதண்டபாணி அதை ஆங்கிலத்தில் சொன்னார். கேள்வியில் இருந்த அதே வார்த்தையைப் பதிலிலும் வைத்துச் சொன்னார். நீதிபதி எழுதிக்கொண்டார். உணவு இடைவேளைக்குப் பிறகு தண்டனை என்று சொல்லி எழுந்து போனார்.

நீதிமன்றத்துக்குப் பின்னால் ஒரு பெஞ்சு. வேதநாயகி சாப்பாட்டு டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அதைத் திறக்கவில்லை.

கோதண்டபாணி நடந்துகொண்டே இருந்தார். திடீரென்று நின்றார்.

"அம்மா. நான் தப்பு பண்ணிட்டேனா?"

"நீங்கதானே சார் அகராதிக்காரர்."

"அவன் தாண்டினோம்னான். நான் மீறினோம்னு சொல்லிட்டேன். குற்றம்னு தெரிஞ்சே செஞ்சோம்னு சொல்லிட்டேன். என்ன தண்டனை குடுப்பாங்க?"

"படகோட்டிக்கு ரெண்டு வருஷம். மத்தவங்களுக்கு ஆறு மாசம். படகை எரிச்சிடுவாங்க."

"நீங்க எழுந்து சொல்லிடுங்க அம்மா. உங்க பேச்சைக் கேப்பாங்க."

"சத்தியம் பண்ணினது நீங்க."

"கேக்காம வாயைத் திறக்கக் கூடாதுன்னீங்களே. தெரிஞ்சே மாத்திச் சொன்னேன்னு என்னைப் பிடிச்சுக்கிட்டா?"

வேதநாயகி திறக்காத டப்பாவைப் பைக்குள் வைத்தார்.

உள்ளேயிருந்து ஒரு காவலர் வந்து கூப்பிட்டார். கைதி ஏதோ கேட்கிறான், புரியவில்லை என்றார். கோதண்டபாணி போனார். கம்பிக்குப் பின்னால் ததேயுஸ் குந்தியிருந்தான். இவரைக் கண்டதும் எழுந்தான்.

"குடிக்கத் தண்ணி கேட்டேன் அய்யா. அவருக்குப் புரியல."

தண்ணீர் வந்தது. குடித்துவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டான்.

"அய்யா, உள்ளதைத்தானே சொன்னேன். இனி விட்டுருவாங்க இல்லியா?"

கோதண்டபாணி காலி டம்ளரை வாங்கிக்கொண்டார்.

"ஒன்பது நாளா ஒரு வார்த்த புரியல அய்யா. துப்பாக்கிய காட்டுறான், கத்துறான், என்ன சொல்றான்னே தெரியல. உங்க தமிழக் கேட்ட பொறவுதான் எனக்கு உயிரு வந்துச்சு. ஆத்தா மாதாதான் உங்கள அனுப்பியிருக்கா."

மணி அடித்தது.

மறுபடியும் ஆறு பேரும் சங்கிலியோடு ஏறினார்கள். நீதிபதி வாசிக்க ஆரம்பித்தார். ஒவ்வொரு வரிக்கும் நிறுத்தினார், மொழிபெயர்ப்பாளர் சொல்வதற்காக. முதல் வரியைக் கோதண்டபாணி சொன்னார். இரண்டாவது வரியைச் சொன்னார். திரும்பி வேதநாயகியைப் பார்த்தார். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மூன்றாவது வரியை நீதிபதி வாசித்து நிறுத்தினார். கோதண்டபாணி அதைச் சொல்லவில்லை.

"கனம் நீதிபதி அவர்களே, நான் ஒன்று சொல்ல வேண்டும்" என்றார் ஆங்கிலத்தில்.

நீதிபதி அன்றைக்கு முதல் தடவையாகத் தலையை நிமிர்த்தினார்.

"உங்களை யார் கேட்டது?"

"யாரும் கேட்கவில்லை."

காவலர் ஒருவர் பக்கத்தில் வந்து நின்றார்.

நீதிபதி நிதானமாக ஒரு வாக்கியம் சொன்னார். அவருடைய எல்லையைப் பற்றிய அந்த வாக்கியத்திலும் அதே டிரான்ஸ்கிரெஸ் இருந்தது. பிறகு கூண்டைக் காட்டினார்.

"இங்கே பேசப்படும் ஒவ்வொன்றும் அவர்களுக்கும் தெரிய வேண்டும். இதையும் சொல்லுங்கள்."

கோதண்டபாணி ததேயுஸ் பக்கம் திரும்பினார்.

"நான் என் எல்லையை மீறுறேன்னு நீதிபதி சொல்றார்."

ததேயுஸ் மிரண்டு போனான். "ஏன் அய்யா?"

"அவன் என்ன சொல்கிறான்?" என்றார் நீதிபதி.

"ஏன் என்று கேட்கிறான்."

"நானும் அதைத்தான் கேட்கிறேன்."

கோதண்டபாணி சொன்னார். காலையில் இவன் சொன்ன சொல் வேறு. பூனை சுவரைத் தாண்டினாலும், பஸ் நிறுத்தத்தைத் தாண்டிப் போனாலும் எங்கள் மொழியில் அந்தச் சொல்தான். அதில் குற்றம் கிடையாது. நீரோட்டம் இழுத்துக்கொண்டு போன படகுக்கும் அதைச் சொல்லலாம். எஞ்சின் நின்றுவிட்டது என்று சொல்ல வந்தான், முடிக்கவில்லை. தெரிந்தே மீறினோம் என்ற பொருள் வரும்படி சொன்னது நான். அவன் ஒப்புக்கொள்ளவே இல்லை. இப்போது நான் செய்வதுதான் தெரிந்து செய்வது. நீங்கள் என்னைப் பற்றிச் சொன்னீர்களே, அந்த வார்த்தை எனக்குத்தான் சரியாகப் பொருந்தும்.

சொல்லி முடித்துவிட்டு மேசையைப் பிடித்துக்கொண்டார்.

நீதிபதி வெகுநேரம் எழுதினார். பிறகு கோதண்டபாணியை வெளியே போகச் சொன்னார்.

அன்றே அவர் பெயரை மொழிபெயர்ப்பாளர் பட்டியலிலிருந்து அடித்தார்கள். காலையில் எழுதிய பதிலையும் அடித்தார்கள். வேதநாயகி சத்தியம் எடுத்துக்கொண்டார். கேள்வி மறுபடி கேட்கப்பட்டது. ததேயுஸ் இந்தத் தடவை முழுதாகச் சொன்னான். எஞ்சினைப் பிரித்துப் பார்க்க ஆள் போனது; பழுது உண்மைதான். இருபத்து மூன்றாம் நாள் ஆறு பேரும் ஊருக்குக் கப்பலேறினார்கள்.

கோதண்டபாணி மீது விசாரணை வந்தது. தெரிந்தே மாற்றிச் சொன்னாரா என்று. நான்கு மாதம் நடந்தது. வாசலில் சைக்கிள் மணி கேட்டால் மாடிக்குப் போய்விடுவார். ராத்திரியில் பேத்தி இருமினாலும் எழுந்து உட்கார்ந்துகொள்வார். மகள் வேலைக்குப் போகும்போது கதவை உள்ளே பூட்டிக்கொள்ளச் சொல்லிவிட்டுப் போவாள்.

கடைசியில் கடிதம் வந்தது. தெரியாமல் நேர்ந்த பிழை, மேல் நடவடிக்கை இல்லை. இனி எந்த நீதிமன்றத்திலும் மொழிபெயர்ப்பாளராக நிற்கக் கூடாது.

அதை எடுத்துக்கொண்டு வேதநாயகியின் வீட்டுக்குப் போனார். வேதநாயகி துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு கடிதத்தை வாங்கிப் படித்தார். இரண்டு தடவை படித்தார்.

"பயம் இன்னும் போகலை அம்மா" என்றார் கோதண்டபாணி. "எழுந்தது சரியா தப்பான்னு இன்னிக்கும் எனக்குத் தெரியலை. நீங்களா இருந்தா என்ன பண்ணியிருப்பீங்க?"

வேதநாயகி கொடியில் கிடந்த ஒரு துணியை இழுத்துச் சுருக்கம் நீக்கினார். அவரைப் பார்க்காமல்தான் பேசினார்.

"ஒன்பது வருஷத்துக்கு முன்னால ஒரு ஆளுக்கு நான் இதே தப்பைப் பண்ணினேன் சார். எனக்கும் மத்தியானமே தெரிஞ்சுபோச்சு."

வாளியிலிருந்து அடுத்த துணியை எடுத்தார் வேதநாயகி.

"அன்னிக்கும் நான் எழுந்திருக்கலை. நீங்க எழுந்த அன்னிக்கும் எழுந்திருக்கலை."