நூறு மில்லி பாட்டில்

சவரியப்பனை மிஞ்சப் புளுகுகிறவன் வத்தலக்குண்டில் இனிமேல்தான் பிறக்க வேண்டும். அந்த வாய்க்கு அன்று காலை பெரிய வேலை இருந்தது. வாசலை அடைத்துக்கொண்டு நிற்கும் பழைய மொபெட்டை விற்றுத் தொலைக்காமல் வீட்டுப் படி ஏறக் கூடாது என்று அவன் பெண்டாட்டி பிரகாசி சொல்லியிருந்தாள். அவள் சொன்னால் சொன்னதுதான்.

மொபெட்டை அவன் கொண்டுபோய் நிறுத்திய ஜின்னா பாய் மெக்கானிக் ஷெட்டுக்கு வண்டி பார்க்க வந்தவள் குருவம்மா. நிலக்கோட்டைச் சந்தையிலிருந்து பூ மூட்டை ஏற்றிவர அவளுக்கு ஒரு வண்டி வேண்டும். மைலேஜ் என்ன தரும் என்று மட்டும் கேட்டாள்.

நூறு என்றான் சவரியப்பன். அவள் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. இருநூறு என்றான். அவள் டயரைக் குனிந்து பார்த்தாள். அவனுக்குப் பொறுக்கவில்லை.

இந்த வண்டி பெட்ரோலைக் குடிக்காது, மோந்து பார்க்கும், அவ்வளவுதான் என்று ஆரம்பித்தான். கண்ணாடியைக் கழற்றியதும் இருபது கூடியதாம். ஹாரனைக் கழற்றியதும் இன்னும் பத்து. மீசையை எடுத்ததற்கே அஞ்சு. தலைமுடியையும் எடுத்தால் என்ன ஆகும் என்று ஜின்னா பாய் ஸ்பேனரைத் துடைத்தபடியே கேட்டார். அதையும் பார்த்தாயிற்று, வேளாங்கண்ணியில் மொட்டை போட்டுத் திரும்பியபோது ஊற்றிய அரை லிட்டர் அப்படியே இருந்தது என்றான்.

"கொடைக்கானல்ல இருந்து எஞ்சினை அமத்திட்டு இறங்குனேன் பாருங்க, டேங்க்ல பெட்ரோல் ஊற ஆரம்பிச்சிருச்சு. மூடியைத் தள்ளிட்டு வழியுது. வீணாப் போகுதேன்னு வழியில நின்ன ஒரு பஸ்சுக்கு ரெண்டு லிட்டர் புடிச்சுக் குடுத்தேன்."

"பஸ்சு டீசல்லய்யா ஓடுது" என்றார் ஜின்னா பாய்.

"அவசரத்துக்கு டீசலாவும் ஊறும் பாய்."

குருவம்மா நிமிர்ந்தாள். பாட்டில் கட்டிப் பார்த்துவிடலாம் என்றாள். ஷெட்டில் அதுதான் வழக்கம். டேங்க் குழாயைக் கழற்றிவிட்டு, ஹேண்டில்பாரில் நூறு மில்லி பெட்ரோல் பாட்டிலைத் தொங்கவிட்டு, எவ்வளவு தூரம் ஓடுகிறது என்று பார்ப்பார்கள். இருநூறு தருகிற வண்டி நூறு மில்லிக்கு இருபது ஓட வேண்டும். பத்து கிலோமீட்டர் தள்ளி செம்பட்டி ரோட்டில் அவள் தங்கச்சி பூக்கடை இருக்கிறது. அங்கே போய் ஒரு முழம் கதம்பம் வாங்கிவந்தால் போதும், வண்டியை எடுத்துக்கொள்கிறேன் என்றாள்.

அந்த வண்டி லிட்டருக்கு நாற்பதைத் தாண்டிச் சவரியப்பன் பார்த்ததே இல்லை. ஆனாலும் சிரித்துக்கொண்டே மிதித்துக் கிளப்பி ஏறி உட்கார்ந்தான். ஷெட்டுக்கு மறைவான முதல் வளைவில் எஞ்சினை அணைத்து, பாட்டில் குழாயையும் மடித்துக் கட்டினான். இறக்கத்தில் உட்கார்ந்து உருட்டினான். மற்ற இடமெல்லாம் தள்ளினான். பாதி பெட்ரோலையாவது எரித்துவிட்டு வந்திருக்கலாம். ஆசை விடவில்லை.

இரண்டு மணிக்குக் கதம்பத்தோடு வந்து சேர்ந்தான். சட்டையைப் பிழிந்தால் ஒரு குடம் தேறும். பாட்டில் மட்டும் கட்டியபடியே தளும்பியது.

"ஒரு சொட்டு குறையலை, பாத்தியாம்மா?" என்றான் மூச்சிரைக்க.

குருவம்மா எஞ்சினில் கையை வைத்துப் பார்த்தாள். சூடே இல்லை. சாவகாசமாகக் கதம்பத்தை வாங்கித் தலையில் வைத்துக்கொண்டாள்.

"வண்டி புடிச்சிருக்குண்ணே. ஆனா நீங்க இல்லாம இந்த மைலேஜ் வராது போலயே. தள்ற ஆளையும் சேத்துக் குடுத்தா இப்பவே எடுத்துக்கிறேன்."

இதை வீட்டில் ஒரு வார்த்தை கேட்டுவிடுவோம் என்று ஜின்னா பாய் போனைப் போட்டு, எல்லாருக்கும் கேட்கிறபடி ஸ்பீக்கரில் வைத்தார். பிரகாசி முழுவதையும் பொறுமையாகக் கேட்டாள்.

"சேத்தே அனுப்பிருங்க பாய். ஆனா சோத்துக்கு அந்த மனுசன் மைலேஜ் தரமாட்டாரு. அதை மட்டும் அவககிட்ட முன்னாடியே சொல்லிப்புடுங்க."