வலிக்காத கால்

ஆலயத்து அசன விருந்தில் முதல் பந்தி மேலத்தெருவுக்கு, கடைசிப் பந்தி கீழத்தெருவுக்கு. யாரும் எழுதிவைத்த சட்டமில்லை; எழுதாததால் அதை அழிக்கவும் வழியில்லை. கீழத்தெரு ரெபேக்காள் மட்டும் சபைக்கூட்டம் தவறாமல் எழுந்து நின்று, "கடைசிப் பந்திக்கு வரும்போது கறி மட்டும் எங்க போகுது?" என்று கேட்பாள்.

உபதேசியார் வேதமுத்துவுக்கு அவள் எழுந்தாலே எரிச்சல் வரும். இந்த வருடம் அவள் பெயரைச் சபைப் பதிவேட்டிலிருந்து நீக்கச் சொல்லி மேலத்தெருவார் மனு எழுதினார்கள். பெயர் போனால் அவள் மகளுக்கு ஆலயத்தில் கல்யாணம் நடக்காது, நாளைக்குச் செத்தால் ரெபேக்காளுக்குக் கல்லறைத் தோட்டத்தில் இடமும் கிடையாது.

மனுவை எடுத்துக்கொண்டு வேதமுத்து குருவானவர் அருமைநாயகத்திடம் போனார். அவரிடம் பத்து வருடம் வேதம் படித்தவர் என்ற உரிமை இருந்தது.

குருவானவர் வெறுங்காலோடு முருங்கைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

"கையெழுத்துப் போடுங்க ஐயா. சபை ஒரே சரீரம்னு நீங்கதான் சொல்லிக்கொடுத்தீங்க. அந்தச் சரீரத்துல இவ ஒருத்திதான் ஓயாத வலி."

"உள்ள வாங்க. பேனா எடுக்கேன்."

குருவானவர் முன்னால் நடந்தார். பின்னால் போன வேதமுத்து வாசலிலேயே நின்றுவிட்டார். சிமெண்டுத் தரையில் அடிக்கு ஒரு ரத்தத் தடம் இருந்தது.

"ஐயா, கால்ல ரத்தம்."

குருவானவர் நாற்காலியில் உட்கார்ந்து பாதத்தைத் திருப்பினார். பாட்டில் சில்லு ஒன்று ஆழமாக ஏறியிருந்தது.

"எப்பக் குத்துச்சுன்னு தெரியலையே."

"வலிக்கலையா ஐயா?"

"சர்க்கரை முத்துனதுல இருந்து இந்தக் கால்ல வலியே கிடையாது. ஒரு தொந்தரவும் தராது."

வேதமுத்து மனுவைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, மண்டியிட்டுச் சில்லைப் பிடுங்கினார். குருவானவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். துண்டால் துடைக்கும்போது, சுண்டுவிரல் இருக்கவேண்டிய இடம் வழவழவென்று மூடியிருப்பது தெரிந்தது. வேதமுத்துவுக்குப் பயமாக இருந்தது.

"இந்த விரல் எப்படி ஐயா போச்சு?"

"அதுவும் ஒரு நாளும் வலிச்சதில்ல" என்றார் குருவானவர். பேனா மூடியைக் கழற்றிக்கொண்டு கையை நீட்டினார். "மனுவைக் குடுங்க. எங்க கையெழுத்துப் போடணும்?"

வேதமுத்து கொடுக்கவில்லை. காலைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தார்.