கால் சுற்று

நஞ்சப்பன் முப்பத்தோரு வருஷம் ஆயுதப்படை மைதானத்தில் போலீஸ்காரர்களுக்கு அணிவகுப்புப் பழக்கியவர். நூறு கால்கள் ஒரே சமயத்தில் தரையைத் தொட வேண்டும். ஒரு கால் பிந்தினாலும் அவர் காதுக்குத் தெரிந்துவிடும்.

ஓய்வு பெற்ற அடுத்த மாதம் ஒரு பெட்டி வாங்கினார். அதற்குள் ஒரு முழ நீள நீராவி ரயில் எஞ்சின், நானூற்றுச் சொச்சம் உதிரிகளாக இருந்தது. பொம்மை அல்ல. எல்லாவற்றையும் சரியாகப் பூட்டி, கொதிகலனில் தண்ணீர் ஊற்றி, அடியில் ஸ்பிரிட் விளக்கை ஏற்றினால் நிஜமாகவே ஓடும்.

போத்தனூரில் பிலோமினா என்று ஒருவர் இருந்தார். தொழிற்பயிற்சிப் பள்ளியில் லேத் வேலை சொல்லிக்கொடுப்பவர், இது போன்ற எஞ்சின்கள் ஏழு செய்து முடித்தவர். நஞ்சப்பனைவிடப் பதினாறு வயது இளையவர். ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் மேசையில் உட்கார்ந்து வேலை செய்ய நஞ்சப்பன் அனுமதி கேட்டார். தான் எதையும் தொட்டுச் செய்து தரப்போவதில்லை, கேட்டால் மட்டும் பதில் சொல்வேன் என்றார் பிலோமினா. நஞ்சப்பன் ஒப்புக்கொண்டு, அன்றிலிருந்து அவரை டீச்சர் என்று கூப்பிட ஆரம்பித்தார்.

எட்டு மாதம் போனது. பித்தளையின் பிசிறை அரம் போட்டு எடுத்தார். கடுகளவு ஆணிகளை இடுக்கியால் பிடித்து வைத்தார். மைதானத்தில் கம்பு பிடித்த கை இப்படி அடங்கி வேலை செய்வதைப் பார்க்க அவருக்கே வேடிக்கையாக இருந்தது. வீட்டுக்குப் போகும்போது பஸ்ஸில் தனியாகச் சிரித்துக்கொள்வார்.

கடைசித் திருகையும் முடுக்கிய ஞாயிற்றுக்கிழமை, எஞ்சினை இரண்டு மரக்கட்டைகள் மேல் தூக்கி வைத்தார்கள். சக்கரங்கள் காற்றில் தொங்கின. நஞ்சப்பன் தண்ணீர் ஊற்றி விளக்கை ஏற்றினார். பத்து நிமிஷத்தில் கொதிகலன் சீற ஆரம்பித்தது. நெம்புகோலைத் திருப்பினார்.

சக்கரம் அசையவில்லை.

விரலால் லேசாகச் சுற்றிவிட்டார். உடனே கடகடவென்று ஓடியது. முகமெல்லாம் மலர்ந்து நிறுத்தி, மறுபடி திருப்பினார். ஓடியது. மூன்றாம் தடவை நின்றுவிட்டது. விரல் பட்டால் ஓடும். படாவிட்டால் சில சமயம் ஓடும், சில சமயம் அப்படியே நிற்கும். அரை மணி நேரம் போராடிவிட்டு, எங்கே பிழை என்று டீச்சரைக் கேட்டார்.

பிலோமினா எஞ்சின் நின்றுபோயிருந்த நிலையிலேயே விளக்கை அணைத்தார்.

"இப்போ இந்தப் பக்கத்து பிஸ்டன் எங்கே இருக்குதுங்க சார்?"

"முன் கோடியிலீங்க."

"அந்தப் பக்கத்துது?"

நஞ்சப்பன் எட்டிப் பார்த்தார். "அதுவும் முன் கோடியிலதான்."

"கோடிக்குப் போய்ட்டா, நீராவி எவ்வளவு அழுத்துனாலும் சக்கரத்தைச் சுத்த முடியாது. ரெண்டும் ஒரே நேரத்துல கோடிக்குப் போய்ட்டா, தள்ளறது யாருங்க?"

நஞ்சப்பன் செய்முறைப் புத்தகத்தை எடுத்துப் புரட்டினார். படத்தில் வலப்பக்கத்துச் சக்கரங்கள் இடப்பக்கத்தைவிடக் கால் சுற்று தள்ளி நின்றன; ஒரு பிஸ்டன் கோடியில் இருக்கும்போது மற்றது நடுவில் இருந்து தள்ளும். அதன் ஓரத்தில் பென்சிலால் 'அச்சுப்பிழை' என்று அவரே எழுதி வைத்துவிட்டு, இரண்டு பக்கத்தையும் ஒன்றுபோலப் பூட்டியிருந்தார்.

பிலோமினா அதைப் பார்த்தார், சிரிக்கவில்லை. சின்னத் திருப்புளியை எடுத்து அவர் பக்கம் நகர்த்தி வைத்தார்.

மூன்று அச்சிலும் வலப்பக்கச் சக்கரங்களைக் கழற்றித் திருப்பி மாட்ட வேண்டும். ஒரு மணி நேர வேலை. கை வேலையில் இருக்க, நஞ்சப்பன் தானாகப் பேச ஆரம்பித்தார்.

அவர் மனைவி ருக்மணி கோபியில் தன் தங்கை வீட்டுக்குப் போய் இருபது நாள் ஆகியிருந்தது. சண்டை பழசு. இரண்டு வருஷத்துக்கு முன்னால் நஞ்சப்பனின் தம்பி இறந்தபோது, ருக்மணி மூன்றாம் நாளே சத்துணவுக் கூடத்து வேலைக்குக் கிளம்பிவிட்டாள். அதை அவரால் மறக்க முடியவில்லை. பேச்சுவாக்கில் அது மறுபடி வந்து, உனக்கு மனசு என்று ஒன்று இருக்கிறதா என்று கேட்டுவிட்டார். அவள் நாலு சேலையைப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டாள்.

"ஒரே வீட்டுல இருக்கறம். நான் அழுவறப்ப கூட அழுவ வேண்டாமுங்களா டீச்சர்?"

"நீங்க அப்போ என்ன பண்ணிட்டிருந்தீங்க?"

"சுவத்தைப் பார்த்து உட்கார்ந்திருந்தேனுங்க. பதினஞ்சு நாள்."

"சாப்பாடு?"

"அவதான் ஆக்கிப் போட்டா. குளிங்கன்னு தண்ணி காய வெச்சுக் குடுப்பா. குளிப்பேன்."

"அவங்க அப்படி உட்கார்ந்த நாள் இருக்குதுங்களா?" என்று கேட்டார் பிலோமினா.

நஞ்சப்பனின் கையில் திருப்புளி நின்றது.

மகளைக் கட்டிக்கொடுத்து ஓசூருக்கு அனுப்பிய மாதம். ருக்மணி பாயைவிட்டு எழவில்லை. நஞ்சப்பன்தான் காபி போட்டார், துணி துவைத்தார், எப்போதும் போல விடிகாலையில் மைதானத்துக்குப் போனார். ஒரு நாள் சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தபோது, பாயில் படுத்தபடியே அவள் கேட்டாள்.

"பொண்ணு போனது உங்களுக்கு ஒண்ணுமே இல்லையான்னு கேட்டாளுங்க டீச்சர்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"நேரமாச்சுன்னு சொல்லிட்டுப் போய்ட்டேன்." சற்று நிறுத்தி, "மைதானத்துக்குப் பின்னால குழாயடியில நின்னு அழுதேனுங்க. அது அவளுக்குத் தெரியாது" என்றார்.

பிலோமினா தலையசைத்தார். "திருகு கழண்டுடுச்சு பாருங்க. சக்கரத்தைக் கால் சுத்து திருப்பி முடுக்குங்க."

மறுபடி தண்ணீர், மறுபடி விளக்கு. நஞ்சப்பன் நெம்புகோலைத் தொட்டதும் சக்கரங்கள் கிளம்பின. நிறுத்தினார், திருப்பினார், கிளம்பின. எந்த நிலையில் நிறுத்தினாலும் கிளம்பின. பதினொரு தடவை செய்து பார்த்தார். முன்பு சக்கரம் ஒரு சுற்று வர எஞ்சின் இரண்டு மூச்சுவிட்டது, இப்போது நான்கு. அந்த நான்கும் ஒரே சீராக விழுந்ததை அவர் காது ரசித்துக் கேட்டது. உள்ளங்கையைத் தொடையில் தேய்த்தபடி சின்னப் பையனைப் போலச் சிரித்தார்.

ஆனாலும் கண்ணுக்கு அது பழகவில்லை.

"நல்லாத்தான் ஓடுதுங்க டீச்சர். இருந்தாலும் ஒரு பக்கம் பிந்திப் பிந்தி வர்றதைப் பார்க்க மனசு ஒப்ப மாட்டேங்குது."

"எந்தப் பக்கம் பிந்துதுங்க?"

"அந்தப் பக்கம்."

"எந்திரிச்சு அந்தப் பக்கம் போய் நின்னு பாருங்க சார்."

நஞ்சப்பன் எழுந்து மேசையைச் சுற்றிப் போனார். குனிந்து, முழங்காலில் கை ஊன்றிப் பார்த்தார். சக்கரங்கள் சுற்றிக்கொண்டிருந்தன. வெகுநேரம் அப்படியே நின்றார்.

இங்கிருந்து பார்த்தால், அவர் உட்கார்ந்திருந்த பக்கம்தான் பிந்தி வருவது போல் இருந்தது.

காந்திபுரத்திலிருந்து கோபிக்கு இனி எத்தனை மணிக்கு பஸ் என்று நஞ்சப்பன் கேட்டார்.

"அரை மணி நேரத்துக்கு ஒண்ணு இருக்குதுங்க" என்றார் பிலோமினா. "நீங்க கிளம்புங்க. விளக்கை நான் அணைச்சுக்கறேன்."