கீழே வைத்த காப்பி

பவளத்துறை ராஜா செண்பகமாறனுக்குக் கடலுக்கு அக்கரையில் இரண்டு அண்டை நாடுகள். சஃப்ரா, தஹ்லா. இரண்டும் அரபு நாடுகள். இரண்டுக்கும் ஓயாத சண்டை. நமக்கோ இரண்டு பேரிடமிருந்தும் குதிரை வேண்டும். ஆகவே, "சண்டை வந்தால் எங்கள் கப்பல்கள் உங்கள் பக்கம்தான்" என்று இருவருக்கும் ரகசியமாக வாக்குக் கொடுத்தாயிற்று. இந்த மகா யோசனையைச் சொன்ன மேதாவி யார்? நம்ம மந்திரி விடங்கர்தான். அதற்காகப் பட்டுச் சால்வைகூட வாங்கிக்கொண்டார், மனுஷன்!

ஒருநாள் இரண்டு நாட்டுத் தூதர்களும் ஒன்றாக வந்து இறங்கிவிட்டார்கள்.

"ஓய் விடங்கரே, இவர்களில் ஒருத்தர் கோபித்தாலும் குதிரை போச்சு. குதிரை போனால் உம்ம தலையும் போச்சு!" என்றார் ராஜா.

சபையில் இருவருக்கும் காப்பி வந்தது. வாங்கினார்கள். குடிக்காமல் கீழே வைத்துவிட்டார்கள்.

ராஜா பதறிப்போனார். "ஐயையோ, சர்க்கரை போதவில்லையா?"

விடங்கரே சர்க்கரை எடுக்க ஓடினார். பாதி வழியில்தான் பொறி தட்டியது. அரபு விருந்தாளி ஒரு கோரிக்கையோடு வந்தால், அதற்குச் சம்மதம் கிடைக்கும்வரை காப்பியைத் தொடமாட்டார். 'இத்தனை வருஷம் வெளிநாட்டு விவகாரம் பார்த்த லட்சணம்!' என்று தன்னையே திட்டிக்கொண்டு, ராஜாவின் காதில் விஷயத்தைச் சொன்னார்.

"அவ்வளவுதானே? கேளுங்கள், தந்தேன்!" என்றார் ராஜா தாராளமாக.

"உங்கள் கப்பல்களை எங்களோடு அனுப்புங்கள்" என்றார் சஃப்ரா தூதர் ஹம்தான். "இவர்கள்மேல் படையெடுக்கிறோம்."

"அந்தக் கப்பல்கள் எங்களுக்கல்லவா? இவர்களை அடிக்கத்தானே வாக்குக் கொடுத்தீர்கள்?" என்று எழுந்தார் தஹ்லா தூதர் நாசிர்.

விடங்கர் கழுத்தைத் தடவிக்கொண்டே முன்னால் வந்தார்.

"இரண்டு வாக்கும் உண்மை. யோசனை சொன்ன முட்டாள் அடியேன். ஆனால் ராஜா சொல் தவறமாட்டார். காப்பியை முதலில் கீழே வைத்தவருக்கே கப்பல்கள்! அது யார் என்று அடியேன் கவனிக்கவில்லை. காப்பியில் என்ன குறை என்றே பார்த்துக்கொண்டிருந்துவிட்டேன். நீங்கள் இருவரும் பேசி, ஒரே பதிலாகச் சொல்லுங்கள். அந்த நிமிஷமே நங்கூரத்தைத் தூக்குகிறோம்."

"நான்தான்!"

"இல்லை, நான்!"

கேட்டதற்குச் சம்மதம் கிடைத்துவிட்டதால் இருவரும் காப்பியைக் குடித்தார்கள். வாதாடிக்கொண்டே கப்பலேறினார்கள். குதிரைகளும் வழக்கம்போல் வந்து இறங்கின.

ராஜாவுக்கு மட்டும் பயம் போகவில்லை. "ஓய், ஒருநாள் அவர்கள் இருவரும் ஒத்துப்போய்விட்டால்?"

"ஒத்துப்போய்விட்டால் அப்புறம் யார்மேல் சண்டை, மகாராஜா?"