ஈரமணலில் இரண்டு தடங்கள்

கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குக் கரையில் ஒரு மீனவ ஊர். அங்கே பெண்களுக்கென ஒரு கால்பந்துக் கழகம் இருந்தது. அதன் பயிற்சியாளர் திரேசம்மாள். ஊரே அவரை டீச்சர் என்றழைத்தது.

டெல்பின் அவரிடம் பல ஆண்டுகள் ஆடியவள். நடுக்களத்தில் நின்று முன்வரிசைக்குப் பந்து கொடுப்பதில் பெயர் பெற்றவள். முழங்கால் கெட்டபின் ஆட்டத்தை நிறுத்தினாள். நாற்பது வயதாகும் இப்போது, ஆட்களைத் தேர்ந்தெடுக்கும் வேலையை அதே டீச்சரிடம் கற்றுவந்தாள்.

கழகத்திற்கு ஒரு வழக்கம் உண்டு. இறுதித் தேர்வு மைதானத்தில் நடப்பதில்லை. கடல் உள்வாங்கியிருக்கும் பிற்பகலில், கரையின் ஈரமணலில், வெறுங்காலோடு நடக்கும். அது ஏன் என்று டெல்பின் ஒருநாளும் கேட்டதில்லை.

அன்று அவள் கேட்டது வேறொரு கேள்வி.

“டீச்சர், இண்ணைக்கு நல்லா ஆடுகவள எனக்கு அடையாளம் தெரியும். நாளைக்கு டீமுக்கு உதவுவாளாங்கத எத வச்சு முடிவு பண்ண?”

“யார நெனச்சுக் கேக்க?”

“அக்சிலியாவ.”

அக்சிலியாவுக்குப் பதினேழு வயது. முன்வரிசையில் ஆடுபவள். தேர்வு ஆட்டங்களில் அவள் ஒரு கோல்கூட அடித்திருக்கவில்லை. அணியில் இன்னும் ஓரிடமே மீதி இருந்தது. அவ்விடம் கிடைக்காவிட்டால் அவள் திங்கட்கிழமை ரயிலேறித் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போவாள் என்று அவளுடைய தாய் சொல்லியிருந்தாள். போனவர்கள் திரும்பி வந்து பந்தைத் தொட்டதாக அவ்வூரில் யாருக்கும் நினைவில்லை.

“ரெனிஷாவப் பாருங்க, டீச்சர். அவள யோசிக்காம எடுத்தாச்சு. பந்து வந்தாப் போதும், கோலுதான். இவ ஓடுகா, வாங்குகா, அடிச்சா வெளிய போகுது. பாவமாத்தான் இருக்கு. பாவம் பாத்து டீம்ல சேக்க முடியுமா?”

“முடியாது,” என்றார் டீச்சர். “செருப்பக் கழட்டு.”

“எதுக்கு?”

“ரெண்டு பேருக்கும் பந்த நீ குடு.”

“நானா? என் முட்டி...”

“முட்டியாலயா குடுக்கச் சொன்னேன்? காலால குடு.”

கரையில் இழுத்து வைக்கப்பட்டிருந்த ஒரு வள்ளம் மணற்பரப்பை இரண்டாகப் பிரித்தது. வள்ளத்தின் வடபுறம் ரெனிஷாவுக்கு, தென்புறம் அக்சிலியாவுக்கு. ஒவ்வொரு புறத்திலும் டீச்சர் ஒரு சிவப்புக் கொடியை நட்டார். டெல்பின் தொலைவில் நின்று கொடியை நோக்கிப் பந்தை அனுப்ப வேண்டும். ஓடி வருபவள் அதனை வாங்கி, அப்பால் ஊன்றிய இரண்டு கம்புகளுக்கு இடையே செலுத்த வேண்டும்.

முதலில் ரெனிஷா ஓடினாள். டெல்பின் பந்தை உதைத்தாள். உதைத்த கணத்தில் முழங்காலில் வலி சுரீரென்று ஏறியது. கண்ணை மூடி, குனிந்து, முட்டியைப் பிடித்துக்கொண்டாள். நிமிர்ந்து பார்த்தபோது பந்து அலையில் மிதந்துகொண்டிருந்தது. ரெனிஷா கொடியருகே நின்று இரு கைகளையும் விரித்தாள்.

“எக்கா, நான் இங்க நிக்கேன்! பந்து லட்சத்தீவுக்குப் போகுது!”

மீன் தரம்பிரித்துக்கொண்டிருந்த பெண்கள் சிரித்தார்கள்.

“டெல்பினு, மீனுக்கா தீனி போடுக?” என்றாள் அவர்களுள் ஒருத்தி.

“சும்மா கெட சித்தி. காத்து இழுக்குது.”

அடுத்த பந்து பாதி வழியிலேயே நின்றது. அதற்கடுத்தது வள்ளத்தில் மோதித் திரும்பியது. ஒன்று மட்டும் கொடியருகே சென்று விழுந்தது. ரெனிஷா அதை அடித்த வேகத்தில் கம்பொன்று ஆடியது. டெல்பினுக்கு அந்த ஒன்றால் ஆறுதல் உண்டாகவில்லை. முகம் வியர்த்திருந்தது.

பிறகு அக்சிலியா ஓடினாள். டெல்பின் உதைத்தாள்; வலி வந்தது; குனிந்தாள். நிமிர்ந்தபோது பந்து அக்சிலியாவின் காலடியில் இருந்தது.

மறுபடியும் உதைத்தாள். நிமிர்ந்தாள். பந்து அக்சிலியாவிடம் இருந்தது.

மீன் தரம்பிரித்த பெண்கள் இப்போது சிரிக்கவில்லை. வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். அக்சிலியா அடித்தவற்றுள் பெரும்பாலானவை கம்புகளுக்கு வெளியே சென்றன. டெல்பின் அதைக் கவனிக்கவே இல்லை. தான் கொடுத்த பந்து ஒவ்வொன்றும் போய்ச் சேருகிறது என்பதையன்றி வேறெதையும் அவள் காணவில்லை.

டீச்சர் கையைத் தட்டி ஆட்டத்தை நிறுத்தினார். டெல்பின் நொண்டியபடி வந்தாள். முகம் மலர்ந்திருந்தது.

“பாத்தியளா டீச்சர்? எங்கால் மறக்கல்ல! முதல்ல கொஞ்சம் மரத்துக் கெடந்துச்சு. சூடு ஏறினப்புறம் ஒண்ணுகூடத் தப்பல்ல. எல்லாம் அளந்து வச்ச மாதிரி.”

“சந்தோசமா?”

“ரொம்ப. குருசடில ஒரு மெழுகுதிரி ஏத்தணும். மாதா எனக்கு எங்காலத் திருப்பித் தந்திருக்கா.”

“ஏத்தலாம். அதுக்கு முன்னால ரெண்டு கொடிகிட்டயும் போய்ட்டு வா. கடல் ஏறப் போகுது.”

டெல்பின் முதலில் வடபுறம் போனாள். ரெனிஷாவின் தடம் நீரோரத்திலிருந்து கொடிவரை நேராகச் சென்றிருந்தது. ஒவ்வோர் ஓட்டமும் முந்தைய ஓட்டத்தின்மேலேயே பதிந்து, வள்ளத்தை இழுத்துச் சென்ற பள்ளம்போல ஆகியிருந்தது. கொடியைச் சுற்றி மணல் மிதிபட்டிருந்தது.

வள்ளத்தைச் சுற்றித் தென்புறம் வந்தாள்.

அங்கும் தடங்கள் நீரோரத்திலிருந்து கொடியை நோக்கியே புறப்பட்டிருந்தன. ஆனால் ஒன்றும் கொடிவரை போகவில்லை. ஓரிடத்தில் குதிகால் ஆழமாக ஊன்றி, விரல்கள் கடலை நோக்கித் திரும்பியிருந்தன. அங்கிருந்து தடம் அலைக்குள்ளேயே இறங்கியிருந்தது. இன்னோரிடத்தில் ஓடியவள் பின்னோக்கித் திரும்பியிருந்தாள். மற்றோரிடத்தில் ஒரு முட்டியும் ஓர் உள்ளங்கையும் மணலைச் சறுக்கிக் கீறியிருந்தன. மணலிலேயே தடம் முடிந்த ஒவ்வோரிடத்திலும் பந்து விழுந்த வட்டக் குழி இருந்தது. குழியை ஒட்டி ஒரு பாதம், பக்கவாட்டில், அழுத்தமின்றிப் பதிந்திருந்தது.

கொடியைச் சுற்றியிருந்த மணல் யாரும் தொடாமல் வழவழவென்று கிடந்தது.

அக்சிலியாவின் குதிகால் ஊன்றிய குழி ஒன்றில் டெல்பின் தன் குதிகாலை வைத்துப் பார்த்தாள். அவ்வளவு வேகத்தில் வந்து அவ்விடத்தில் திரும்புவதற்கு உடம்பு எப்படி வளைந்திருக்க வேண்டும் என்று எண்ணினாள். ஓர் அலை வந்து அவள் கணுக்காலை நனைத்தது. அது வடிந்தபோது குழி பாதியாகியிருந்தது.

திரும்பி வந்து, டீச்சரின் அருகே வள்ளத்தின் விளிம்பில் உட்கார்ந்தாள்.

“டீச்சர்.”

“ம்.”

“கொடிகிட்ட ஒண்ணுகூட விழல்ல.”

“ஒண்ணு விழுந்துச்சே. ரெனிஷாவுக்கு.”

டெல்பின் சிரிக்க முயன்றாள். முடியவில்லை.

“ஆனா டீச்சர், இவளுக்குக் கோலுக்கு அடிக்க வரல்லியே.”

“வரல்ல. அதச் சொல்லிக்குடுக்க உனக்குத் தெரியும்லா?”

“தெரியும்.”

“மத்தத?”

டெல்பின் தென்புறத்து மணலைத் திரும்பிப் பார்த்தாள்.

அக்சிலியா வள்ளத்தின் மறுபுறம் அமர்ந்து, சிராய்த்த முழங்காலில் ஒட்டியிருந்த மணலைக் கடல்நீரால் கழுவிக்கொண்டிருந்தாள். டெல்பின் எழுந்து அவளிடம் போனாள்.

“திருப்பூருக்கு டிக்கெட் எடுத்தாச்சா, பிள்ள?”

“அம்மா எடுத்துட்டா, அக்கா.”

“வேண்டாம்ணு சொல்லு.”

அக்சிலியாவுக்கு முதலில் விளங்கவில்லை. வடபுறத்திலிருந்த ரெனிஷாவுக்கு விளங்கிவிட்டது.

“ஏட்டி, திருப்பூர் பனியன் போச்சே! இனி எங்கூடக் கெடந்து சாவு!” என்று கத்திக்கொண்டே அவள் ஓடிவந்து தோழியைக் கட்டிக்கொண்டாள்.

அக்சிலியா அவளிடமிருந்து விடுபட்டு டெல்பினின் இரு கைகளையும் பிடித்துக்கொண்டாள். கைகள் ஈரமாகவும் மணலாகவும் இருந்தன.

“ரொம்ப நன்றிக்கா. நீங்க பந்து அம்புட்டு நல்லாக் குடுத்திய. அதனாலதான்.”

அவள் வேடிக்கையாகச் சொல்லவில்லை. டெல்பின் அவள் முகத்தைக் கூர்ந்து பார்த்துவிட்டு மெல்லக் கைகளை விடுவித்துக்கொண்டு டீச்சரிடம் வந்தாள். கடல் அதற்குள் வள்ளத்தின் அருகே வந்திருந்தது. தென்புறத்தில் தடங்கள் இல்லை.

“டீச்சர், நான் ஆடின காலத்துல முன்னால நிண்ணாளே, புனிதா.”

“நல்லா ஞாபகம் இருக்கு.”

“ஒவ்வொரு மேட்ச் முடிஞ்சப்புறமும் எங்கையப் பிடிச்சுக்கிட்டு இதையேதான் சொல்லுவா. இதே வார்த்த. நானும் ஆமாண்ணு வாங்கிக்கிட்டேன்.”

டீச்சர் கொடிகளைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

“அவ கல்யாணமாகிப் போனப்புறந்தான் எம்பந்து அங்கயும் இங்கயும் போக ஆரம்பிச்சுது. முட்டிதான் காரணம்ணு இருந்தேன்.” டெல்பின் கழற்றி வைத்த செருப்பைத் தேடி எடுத்தாள். “அவ இப்ப எங்க இருக்கா, டீச்சர்?”

“கொளச்சல்ல. சந்தைக்குப் பொறத்தால வீடு. மீன் விக்கா. உன்னப் பத்திக் கேக்காத நாளில்ல.”

டெல்பின் மணலைத் தட்டிவிட்டுச் செருப்பைப் போட்டுக்கொண்டாள். முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

“அப்ப குருசடிக்குப் போய்ட்டு, அப்படியே கொளச்சலுக்கு பஸ் ஏறுகேன்.”

“எத்தன மெழுகுதிரி வாங்குக?”

“ஒண்ணு, டீச்சர். காலுக்குண்ணு நேந்தது.”

டீச்சர் சுருட்டிய கொடிகளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.

“காலுக்கு வேண்டாம். ரெண்டு வாங்கு.”