யானைக் காட்டுப் பலாவும் குருவிக் காட்டுக் கூடையும்

"ஒண்ணும் இல்லீங்க. வரும்போது எழுபது கூடை, போகும்போது வெறும் முதுகு," அப்படின்னு சொல்லிச்சு தோணிமுத்து.

தோணிமுத்து ஒரு ஆமை. ஆத்துக்கு இந்தக் கரையில யானைக் காடு, அந்தக் கரையில குருவிக் காடு. நடுவுல சரக்கு ஏத்தி இறக்குறதுதான் அதுக்குப் பொழப்பு. சுமைக்கு ஒரு கட்டு கீரை கூலி. வேற வேலை தெரியாது. போகும்போது என்ன கொண்டு போறேன்னு கேட்டது யானைக் காட்டுத் தலைவர், கொம்பையாங்கிற யானை. பதிலைக் கேட்டதும் அவருக்குக் காது ரெண்டும் விடைச்சுக்கிச்சு.

தூக்கணாங்குருவிங்க பின்னுற கூடைன்னா யானைக் காட்டுல எல்லாருக்கும் உசுரு. கரடி தேனடை வைக்க, குரங்கு மாம்பழம் சேர்க்க, மழைக்காலத்துக்குப் பண்டம் பத்திரப்படுத்த, எல்லாத்துக்கும் அதுதான். பதிலுக்கு யானைக் காடு அனுப்புறது பலாப்பழம். குருவிங்க மாசம் ஒரு பழம் வாங்கும். அதுலயும் பாதி மிஞ்சும்.

"நாம எழுபது வாங்குறோம், அவனுங்க ஒண்ணு வாங்குறானுங்க. இது ஏமாத்து வேலை," ன்னாரு கொம்பையா.

குருவிக்கு வயிறு அவ்வளவுதான்னு தோணிமுத்து சொல்லிப் பார்த்துச்சு. கொம்பையா குனிஞ்சு தன் வயித்தைப் பார்த்துக்கிட்டாரு. அவருக்குத் தெரிஞ்ச அளவு அது ஒண்ணுதான்.

மறுநாளே உத்தரவு. கூடைக்கு ஒரு சீப்பு வாழைப்பழம் வரி. குருவிங்க கட்டணும்னு காடெல்லாம் தண்டோரா. துறையில வசூலுக்கு ஒரு மந்தி உக்கார்ந்துச்சு. கூடை வாங்க வந்த கரடிகிட்ட கையை நீட்டிச்சு.

"வரி குருவிக்குத்தானே?" ன்னு கேட்டுச்சு கரடி.

"குருவிக்குத்தான். ஆனா குருவி அக்கரையில இருக்கு. நீதான் இங்க இருக்கே."

கரடி வெறுங்கையோட திரும்பிச்சு. பத்து நாள்ல துறையே வெறிச்சோடிப் போச்சு. இக்கரையில மாம்பழம் தரையில கெடந்து அழுகிச்சு. அக்கரையில கூடை குவிஞ்சு பூஞ்சை பிடிச்சுச்சு. குருவித் தலைவர் சின்னாண்டி, சமாதானமாப் போவோம்னு நாலு பலாப்பழம் கூடுதலா வாங்கினாரு. அம்பது குருவி சேர்ந்து ஒரு பழத்தைத் தூக்கிக் கூட்டுல வைச்சுது. கூடு கிளையோட கீழ வந்துச்சு. நல்லவேளை, உள்ள யாரும் இல்லை.

சுமை இல்லாம தோணிமுத்துக்குக் கீரையும் இல்லை. நாலு நாள் பட்டினி கெடந்துட்டு அது நேரா சின்னாண்டிகிட்ட போச்சு. "பலா வேணாம்னா, வேற என்னதான் வேணும் உங்களுக்கு?"

இதை இதுவரைக்கும் யாருமே கேட்டதில்லைன்னாரு சின்னாண்டி. கூடை பின்ன ஓலைதான் வேணுமாம். பக்கத்து மரமெல்லாம் கிழிச்சு முடிஞ்சாச்சு. இப்பல்லாம் ஒரு கீத்துக்கு மூணு மலை தாண்டிப் பறக்க வேண்டியிருக்காம்.

தோணிமுத்துக்குச் சிரிப்பு வந்துடுச்சு. யானைங்க தினமும் தென்னையைச் சாய்க்கும், குருத்தைத் தின்னும், ஓலையை மிதிச்சுட்டுப் போகும். கொம்பையா நிக்கிற இடத்துலயே முழங்கால் உசரத்துக்கு ஓலை கெடக்கு.

உடனே நீந்தி வந்து விஷயத்தைச் சொல்லிச்சு. கொம்பையாவுக்கு நம்பிக்கை வரலை. "இந்தக் குப்பையவா கேக்குறான்?"

"அவங்க கூடையும் இந்தக் குப்பைதாங்க. பின்னியிருக்கு, அவ்வளவுதான்."

அதுக்குள்ள கரடியும் குரங்கும் கூட்டமா வந்து, மழை வருது, பழம் அழுகுதுன்னு கத்த ஆரம்பிச்சதுங்க. கொம்பையா வரியை ரத்து பண்ணலை. ஒத்தி வைச்சிருக்கிறதா அறிவிச்சாரு. தலைவருங்க பாஷையில ரெண்டும் ஒண்ணுதான்.

மறுநாள் தோணிமுத்து முதுகுல ஓலைக்கட்டு போச்சு, கூடை வந்துச்சு. மந்திக்கு வேலை போச்சு, அது மாம்பழம் பொறுக்கப் போயிடுச்சு. சாயங்காலம் கொம்பையா துறைக்கு வந்தாரு.

"போனது முப்பது கட்டு, வந்தது எழுபது கூடை. இன்னும் நாப்பது இடிக்குதேப்பா."

தோணிமுத்து பதில் சொல்ல வாயைத் தொறந்துச்சு. அதுக்குள்ள அக்கரையிலேர்ந்து சின்னாண்டி கூப்பிட்டாரு. "தோணிமுத்தண்ணே, ஓலை தீர்ந்துபோச்சு. சீக்கிரம் வா."

"இந்தா வர்றேன்," னு சொல்லிட்டு, அடுத்த கட்டை ஏத்திக்கிட்டு அது தண்ணியில இறங்கிடுச்சு.

அடுத்தவன் நம்மகிட்ட ஏன் வாங்க மாட்டேங்கிறான்னு கோவப்படுறவன், அவனுக்கு என்ன வேணும்னு முதல்ல கேக்கணும்.